பதினொரு லட்சத்துப் பெண்

அந்த வருஷக் கோடையில் பவானியில் ஜாதகம் பார்ப்பது நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, காபியை வாயில் வைப்பதற்கு முன்பே, "எங்க பையனுக்கு வயசு இருவத்துநாலு, வரம்பு முப்பத்தாறுங்க, முழுசு" என்று ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் மட்டும் சொல்லிவைத்தாற்போல, "நாங்க இன்னும் பாக்கலீங்க, புள்ளைக்கு மேல படிக்க அத்தனை இஷ்டமில்லை" என்றார்கள். எல்லாப் பெண் வீட்டாரும் ஏன் ஒரே பதிலைச் சொல்கிறார்கள் என்று யாருக்கும் உறைக்கவில்லை. அவரவர் வீட்டு விஷயத்தை அவரவர் பொத்திக் காப்பதிலேயே ஊர் மும்முரமாக இருந்தது.

வரம்பு என்றால் கல்விக் கடன் வரம்பு. அதுவரை மத்தியக் கல்விக் கடன் வாரியம், எந்தப் படிப்பானாலும் கட்டணம் முழுவதையும் கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சித்திரையில் விதியை மாற்றினார்கள். இனி ஆளுக்கு ஆள் வரம்பு. ஒருவர் தம் அறுபது வயதுக்குள் எத்தனை வருஷம் சம்பாதித்துக் கடனை அடைப்பார் என்று வாரியத்தின் இயந்திரம் கணித்துச் சொல்லும். வருஷத்துக்கு ஒரு லட்சம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பத்திரண்டு லட்சம் வந்தால் அதுதான் உச்சம். எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை மட்டும் வாரியம் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும்போது விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சொட்டு ரத்தம்தான் வினையாகிப் போனது. ரத்தத்தைப் பார்த்தே ஒருவருக்கு ஆயுள் எவ்வளவு என்று சொல்லிவிடும் வித்தை பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே வந்துவிட்டது. காப்பீட்டுக் கம்பெனிகளும் சம்பந்தி வீட்டாரும் அதை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் தாங்காமல், எந்த மருத்துவரும் யாருக்கும் ஆயுளைச் சொல்லக் கூடாது, சொன்னால் சிறை என்று சட்டம் போட்டார்கள். சட்டம் சாத்திய கதவை வாரியம் கொல்லைப்புறமாகத் திறந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. குமாரபாளையத்தில் பிரணவ் என்ற பையனுக்கு ஏழு லட்சம்தான் வந்தது. அவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. இதற்கு மேல் சாட்சி எதற்கு? எத்தனை லட்சமோ அத்தனை வருஷம் உயிர். ஜோசியம் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாத ஊர், மத்திய அரசாங்கத்தையே ஜோசியக்காரனாக்கிவிட்டது.

தர்ஷினிக்கு மகளின் வரம்பு தெரியவந்தபோது அவள் சாம்பாருக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். அந்தத் தலைமுறையில் தெருவுக்கு நாலு தர்ஷினி உண்டு. இவள் பேட்டரிக் கடை கிஷோரின் மனைவி, நாற்பத்திரண்டு வயது. மகள் சுடர்க்கொடி அந்த வருஷம்தான் பள்ளி முடித்திருந்தாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தெருநாயின் முறிந்த காலுக்குத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து கட்டுப்போட்டு நடக்கவைத்தவள். அன்றையிலிருந்து அவளுக்கு வேறு யோசனையே கிடையாது. படிப்பு முடியும்வரை மொத்தம் இருபத்தாறு லட்சம் ஆகும். ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் பணத்துக்கு வழி காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

போனில் வந்தது ஒரே வரி. சுடர்க்கொடி, பதினொரு லட்சம்.

தர்ஷினி பதினெட்டையும் பதினொன்றையும் கூட்டினாள். இருபத்தொன்பது. மத்தைப் போட்டுவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் பிள்ளை முப்பதைப் பார்க்க மாட்டாள் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இருபத்தாறு லட்சமாவது, கல்லூரியாவது.

கிஷோர் கடையிலிருந்து ஓடிவந்தான். போனைப் பார்த்தான், கவிழ்த்து வைத்தான், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றான். யாராவது கேட்டால் சுடருக்குப் படிக்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட வேண்டியது. அவனும் கல்நெஞ்சக்காரன் இல்லை. கடைக்குத் திரும்பிப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதான் என்று பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார். ஆனால் மறைப்பதில் அவன் குறைவைக்கவில்லை. அப்படியும் எப்படியோ அவன் தங்கை ஸ்வேதாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சுடரைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து "என்ற மருமக" என்று கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தவள், அந்த மாதத்திலிருந்து இந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

தர்ஷினி மகளை மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு இழுத்துப் போனாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றார்கள். ஆயுளைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொண்டார்கள். பிழைப்பு போய்த் தவித்துக்கொண்டிருந்த ஜோசியர்கள் இதற்குள் வரம்பு தோஷம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு மூன்று விலையில் பரிகாரமும் வைத்திருந்தார்கள். நடு விலைப் பரிகாரத்தைத் தர்ஷினி செய்தாள். காலையில் மாதுளை, மதியம் ஆட்டெலும்பு ரசம், சாயங்காலம் பேரீச்சம்பழம் என்று மகள் வாயில் திணித்தாள். மதியத்தில் சுடர் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

ஒருநாள் அந்த விரலைச் சுடர் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, செத்தா இருபத்தொம்பதுல சாகறேன். அதுக்குள்ள டாக்டராயிருவேன்ல? மீதிப் பதினஞ்சு லட்சத்துக்கு என்ன வழின்னு பாரு."

தர்ஷினி அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இந்தத் திமிர் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னிடமிருந்து என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில், புதிய விதிகளை விளக்கவென்று பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். தலைமை ஆசிரியை திரையில் படம் போட்டு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார்.  கூட்டத்தை முடிக்கப் போகும் நேரத்தில் சுடர் எழுந்தாள்.

"டீச்சர், எனக்குப் பதினொண்ணு வந்திருக்குதுங்க."

நாற்காலியோடு பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது தர்ஷினிக்கு. மகளின் துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இவ்வளவு நாள் பொத்திவைத்ததை இப்படி நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிட்டாளே, இனி இவளை யார் கட்டுவார்கள் என்று மனசு பதறியது. பதறிய மறு நிமிடமே, சாகப் போகிற பிள்ளைக்குக் கல்யாணக் கவலை எதற்கு என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. சுடர் துப்பட்டாவை அவள் கையிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"நான் மறைக்கப் போறதில்லீங்க. மத்தவங்களுக்கு எத்தனைன்னு சொன்னா நல்லாருக்கும்."

 பிறகு கடைசி வரிசையில் வான்மதி என்ற பெண், "எனக்கு ஒம்பது" என்றாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் முன்வரிசையில் ஒருத்தி பன்னிரண்டு என்றாள். ஜன்னலோரம் ஒருத்தி பத்து. இரட்டைச் சகோதரிகள் இருவருக்கும் எட்டு. சொல்லச் சொல்ல அம்மாக்களின் முகங்கள் மாறிக்கொண்டே வந்தன. தன் வீட்டுக்கு மட்டும் விழுந்த இடி என்று நினைத்து, தனித்தனியாக அழுது, தனித்தனியாகப் பரிகாரம் செய்தவர்கள், இப்போது ஒருத்தியை ஒருத்தி திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு வகுப்பே முப்பதுக்குள்ள சாகப் போகுதுங்களா டீச்சர்?" என்று கேட்டாள் சுடர்.

 கடைசியில் யாழ்மொழி என்ற பெண் தயங்கித் தயங்கி, தனக்கு முப்பத்தொன்பது என்றாள். ஏதோ திருடிவிட்டவளைப் போல எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா மோனிஷா கூட்டத்துக்கு வரவில்லை. பவானி ஈரோடு டவுன் பஸ் ஓட்டுகிறவள், டூட்டியில் இருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது தர்ஷினிக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. கோபிக்க வேண்டியவள் கோபிக்கவில்லை. இத்தனை பிள்ளைகள் ஒன்றாகச் சாக மாட்டார்கள். வாரியம் வேறெதையோ எண்ணுகிறது. அது என்னவென்று தெரியாமல் இனி ஒரு வாய் சோறு இறங்காது என்று தோன்றியது. மறுநாள் கிஷோரிடம் கேட்காமலேயே மகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

வாரியத்தின் ஈரோட்டுக் கிளையில் குறை கேட்பதற்கென்று மனிதர் ஒருவரை வைத்திருந்தார்கள். இனியன் என்று பெயர், முப்பது வயது இருக்கலாம். டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தவன் இவர்களைப் பார்த்ததும் மூடினான். கணக்கீட்டு முறையை வெளியே சொல்ல அனுமதி இல்லை, முறையீடு இருந்தால் இணையத்தில் போடலாம் என்று ஒப்பித்தான். தர்ஷினி எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொறையெல்லாம் வேண்டாமுங்க தம்பி. ஒரே ஒரு கேள்வி. என்ற பொண்ணு சாகப் போறாளா?"

இனியன் திகைத்துப்போனான். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவனுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. அவள் பவானியில் நடப்பதையெல்லாம் சொன்னாள். ஜாதகத்துக்குப் பதில் வரம்பு கேட்பதை, தோஷத்தை, பரிகாரத்தை, மூச்சு பார்த்ததை. கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறியது.

"ரத்தம் ஆளு அவங்கதானான்னு சரி பாக்கறதுக்கு மட்டுந்தாங்கம்மா. ஆயுள நாங்க பாக்கறதே இல்லீங்க. பாத்தா நாங்கதான் ஜெயிலுக்குப் போவோணும்."

"குமாரபாளையத்துப் பையன்?"

"ரொம்ப வருஷம் வேலை செய்ய முடியாதுன்னு அவங்களே டாக்டர் சான்று குடுத்தா, அதையும் எடுத்துக்குவோம். அவ்வளவுதாங்க."

தர்ஷினி சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. மகளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள். மற்ற மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள், அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் பிள்ளை சாக மாட்டாள், கிழவியாகிப் பல்லெல்லாம் விழுந்துதான் போவாள். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

சுடர் மெல்லத் தன்னை விடுவித்துக்கொண்டாள். "அப்ப அந்தப் பதினொண்ணு என்னங்க?" என்று கேட்டாள்.

இனியன் சுற்றுமுற்றும் பார்த்தான். திரையைப் பாதி அவர்கள் பக்கம் திருப்பினான்.

"உங்க பேருல சம்பளம் வரப்போற வருஷங்க. உங்களுக்கு இன்னும் சம்பளமே ஆரம்பிக்கல. அதனால இயந்திரம் உங்களச் சுத்தி இருக்கறவங்களப் பாக்குது. மொதல்ல அம்மா. அப்புறம் சித்தி, அத்தை. அப்புறம் தெரு."

திரையில் கோடுகள் கிடந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு பெண். எல்லாம் இடது ஓரத்தில் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் நறுக்கினாற்போல நின்றிருந்தன. கிஷோரின் தங்கை ஸ்வேதா முப்பதில் நின்றிருந்தாள். தர்ஷினியின் தங்கை இருபத்தேழில். எல்லாவற்றுக்கும் மேலே தடிமனாக ஒரு கோடு இருந்தது. அது தர்ஷினி. இருபத்தொன்றில் கிளம்பி இருபத்தொன்பதில் நின்றிருந்தது.

"இதுக்குக் கல்யாணம் தெரியாது, கொழந்த தெரியாதுங்க. சம்பளம் எப்ப நின்னுதுன்னு மட்டுந்தான் தெரியும்" என்றான் இனியன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

தர்ஷினி எட்டு வருஷம் திருப்பூரில் வேலை பார்த்தவள். தையல் ரோபோக்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலை. சட்டைக் காலரைக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிற ரோபோ, குழந்தைக் கவுனின் சுருக்கத்தில் வந்து தடுமாறும்; அதன் கையைத் தன் கையால் பிடித்து ஓட்டிக் காட்டுவாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் யார் என்று யாரும் பேசக்கூட இல்லை. ஆறு மாதத்தில் மாமியார் எழுந்து நடந்துவிட்டார். மறுபடி வேலைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நின்றுவிட்டவளாகவே எல்லாரும் அவளை நடத்தினார்கள், போகப் போக அவளும் அப்படியே ஆகிவிட்டாள்.

சுடர் அந்தத் தடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாகப் போறதில்லம்மா. ஊட்டுல உக்காரப் போறேன். அதத்தான் எல்லாருமாச் சேந்து சொல்லியிருக்கீங்க."

சாவு இல்லை என்று தெரிந்த சந்தோஷம் அத்தோடு தீர்ந்தது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. நல்ல, தெம்பான கோபம். இயந்திரத்தின் மேல் வந்ததா, கிஷோர் மேலா, மாமியார் மேலா, பதின்மூன்று வருஷம் சும்மா இருந்த தன் மேலா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லார் மேலும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"தம்பி, என்ற கோடு மறுபடி ஓடுச்சுன்னா?"

இனியன் குரலைத் தாழ்த்தினான். "ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மறுகணக்கு இருக்குதுங்க. அம்மா கோட்டுக்குத்தான் எடை சாஸ்தி. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க."

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் கிஷோர் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றான். பதினொரு லட்சத்துக்குள் முடிகிற படிப்பு எத்தனையோ இருக்கிறது, மூன்று வருஷத்தில் ஏதாவது ஒன்றைப் படிக்கட்டும், எதற்கு வம்பு? தர்ஷினி தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே, திங்கட்கிழமையிலிருந்து தான் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். கிஷோர் முதலில் சிரித்தான். இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்றான். பிறகு அம்மாவின் மாத்திரை, மதியச் சாப்பாடு, கடைக்கு வரும் டீ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எதற்கும் அவள் அசையாததைப் பார்த்துக் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"ஊரு என்ன சொல்லும் புள்ள?"

"ஊரு சொல்ல வேண்டியதச் சொல்லிருச்சுங்க. இயந்திரத்துக்கிட்டப் போய்ச் சொல்லிருச்சு. நான் அத இல்லைன்னு சொல்லப் போறேன், அவ்வளவுதான்."

திருப்பூர் ரோபோக்கள் இப்போது தாங்களே கற்றுக்கொள்கின்றன. அங்கே அவளுக்கு இடமில்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கில் தரம் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். விரலி மஞ்சள் ஒரு பக்கம், குண்டு மஞ்சள் ஒரு பக்கம் என்று அது பிரித்துத் தள்ளும். மஞ்சள் வழியில் சிக்கினால் நிறுத்தி எடுத்துவிட வேண்டும், தரம் மாறினால் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சம்பளம் சொற்பம். ஆனால் அவள் பெயரில், அவள் கணக்கில் வரும். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது புருவம்வரை மஞ்சளாக இருந்தாள். மாமியார் மிரண்டுபோனார், சுடர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இனியன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தான்; பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தர்ஷினி ஊர் முழுக்கச் சொன்னாள். ரேஷன் கடை வரிசையில், குழாயடியில், கோயில் பிரகாரத்தில். கேட்ட அம்மாக்கள் முதலில் அழுதார்கள், பிறகு யோசித்தார்கள், பிறகு கிளம்பினார்கள். வான்மதியின் அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்குப் போனாள். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, படித்து முடித்துப் பரணில் போட்டிருந்த வழக்கறிஞர் கோட்டைத் தூசி தட்டினாள். ஆடி பிறந்தபோது மோனிஷா ஓட்டும் காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த மாதம் பவானியில் பல வீடுகளில் ஆண்பிள்ளைகள் முதன்முறையாகக் குக்கரைத் திறக்கப் பழகினார்கள். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

பெண்பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. திருப்பூரிலிருந்து மலிவாகப் பனியன் வாங்கி, முதுகில் அவரவர் வரம்பைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றார்கள். எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. முதல் நாள் கேலி செய்தவர்கள் இரண்டாம் நாள் எண்களைப் படித்தார்கள். மூன்றாம் நாள் தங்கள் வீட்டுப் பெண்ணின் எண்ணை அதில் தேடினார்கள். ஒரு சாயங்காலம் பிரணவ் முதுகில் ஏழு என்று எழுதிக்கொண்டு குமாரபாளையத்திலிருந்து வந்து அவர்களோடு நின்றான். மூச்சு வாங்கியதால் அவனுக்கு மட்டும் ஸ்டூல் போட்டார்கள். ஒளித்துவைக்கிற வரைக்கும்தான் எந்த எண்ணுக்கும் மரியாதை. முதுகில் போட்டுக்கொண்டு திரிகிற எண்ணைக் கல்யாணத் தரகர்கள் என்ன செய்வார்கள்? மறுபடி ஜாதகக் கட்டுக்கே திரும்பினார்கள்.

இயந்திரம் யாரையும் பாகுபடுத்தவில்லை, நடப்பதைத்தான் சொல்கிறது என்று வாரியம் அறிக்கை விட்டது. நடந்ததைச் சொல்கிற இயந்திரத்திடம் நடக்கப் போவதை யார் கேட்கச் சொன்னது என்று சுடர் பதில் எழுதி, ஊரில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். பதில் வரவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து தாண்டி மறுகணக்கு வந்தது. சுடர்க்கொடி, பதினான்கு லட்சம்.

தர்ஷினி கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய மஞ்சளோடு வாரிய அலுவலகத்துக்கு நடந்தாள். சுடரும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். இன்னும் பன்னிரண்டு லட்சம் குறைகிறது, பத்தே நாளில் இடம் போய்விடும். இரண்டு மாதம் ஓடாய்த் தேய்ந்ததற்கு மூன்று லட்சமா என்று பொருமிக்கொண்டே வந்தாள் தர்ஷினி. இனியனின் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று, இன்னும் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டாள். மேசைக் கண்ணாடியில் பத்து விரலும் மஞ்சளாகப் பதிந்தன.

"பதிமூணு வருஷம் நின்ன கோடுங்கம்மா. ரெண்டு மாசத்துல அழியாதுங்க" என்றான் அவன். சொல்லிவிட்டுத் திரையை மேலும் கீழும் தள்ளினான். சட்டென்று நிறுத்தினான்.

"உங்க பேருல ஒரு வரம்பு வந்திருக்குதுங்களே."

தர்ஷினிக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். சம்பளம் வாங்குகிற யாருக்கும் இயந்திரம் வரம்பு போட்டுவிடும். பிள்ளையின் வரம்பு போதாவிட்டால் பெற்றோர் தங்கள் வரம்பிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம் என்று புதிய விதியில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. கிஷோரின் வரம்பிலிருந்து கடைக்கு வாங்கியிருந்த கடனைக் கழித்ததில் மிச்சம் ஒன்றும் இல்லை. போன முறை வந்தபோது தர்ஷினியின் பெயரில் ஒன்றுமே இல்லை. அதனால் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது இருக்கிறது. பதினெட்டு லட்சம்.

"அறுபது வரைக்கும் முழுசாப் போட்டிருக்குதா?" என்று சுடர் எட்டிப் பார்த்தாள். "எனக்குப் பதினாலு, இவங்களுக்கு முழுசா? நேத்து வேலைக்கு வந்தவங்களுக்கு?"

"நின்னுட்டு மறுபடி வந்தவங்க அதுக்கப்புறம் நிக்கறதில்லையாமுங்க" என்றான் இனியன். "இயந்திரம் பாத்த வரைக்கும் அப்படித்தானாம்."

 பிறகு தர்ஷினி, பன்னிரண்டு லட்சத்தைத் தன் பெயரில் எழுதச் சொன்னாள். இனியன் விசையைத் தட்டத் தொடங்கினான். சுடர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"வேண்டாம்மா. எனக்காகப் பன்னெண்டு வருஷம் நீ மஞ்ச மூட்டைக்கு நடுவுல நிக்கோணுமா?"

"உனக்காகன்னு யாரு சொன்னா?" என்றாள் தர்ஷினி.

கைரேகை வைக்கும் கண்ணாடித் துண்டை இனியன் அவள் பக்கம் நகர்த்தினான். நகர்த்தியவன் கையை எடுக்கவில்லை. எச்சரிக்க வேண்டியது தன் கடமை என்றான்.

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா. வெச்சுட்டீங்கன்னா பன்னெண்டு வருஷத்துக்கு நீங்க வேலைய விட முடியாதுங்க. யாரு சொன்னாலும் விட முடியாது. விட்டா வாரியத்துல இருந்து ஊட்டுக்கே வந்து, உங்க ஊட்டுக்காரரக் கூப்பிட்டு, ஏன் நிறுத்துனீங்கன்னு கேப்பாங்க."

தர்ஷினி பெருவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு, கண்ணாடியின் மேல் அழுத்தி வைத்தாள்.

"தம்பி, இப்பச் சொன்னீங்களே, அதக் கொஞ்சம் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் குடுங்க" என்றாள். "ஊட்டுல மாட்டோணும்."